கடுகு வெடிக்கிற பெட்டி



போன வாரம் நான் போட்ட படத்தைப் பார்த்துவிட்டு, "டீச்சர், அது என்ன, வெல்டிங் மிஷினா?" என்று கேட்டிருந்தீர்கள். அது கிடார் ஆம்ப்ளிபயர், வால்வு போட்டது. என் தம்பி மெல்லிசைக் குழுவில் வாசித்த காலத்தில் வாங்கியது. தம்பி போய் மூன்று வருடமாகிறது. இப்போது அவன் மகன் வாசிக்கிறான்.

பெட்டியில் இரண்டு தொல்லை. கடுகு தாளித்த மாதிரி படபடவென்று ஒரு சத்தம். அது போக, வாசித்துக்கொண்டிருக்கும்போதே ஒலி கிணற்றுக்குள் போய்விடும். கம்பியை ஓங்கி மீட்டினால் திரும்ப வரும். கடையில் காட்டியிருக்கிறான். எல்லா வால்வும் மாற்றணும், டிரான்ஸ்பார்மரும் மாற்றணும், 22,000 ரூபாய் என்றார்களாம். "வித்துடலாமா அத்தை?" என்று போனில் கேட்டான். "கொண்டு வா" என்றேன்.

என் அப்பா மைக் செட் வைத்திருந்தவர் என்பது உங்களில் பலருக்குத் தெரியாது. அந்தக் காலத்து ஆம்ப்ளிபயர் எல்லாம் வால்வுதான். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அவருக்கு டார்ச் அடித்துக் காட்டுவது என் வேலை. பிற்பாடு டிரான்சிஸ்டர் வந்து வால்வை ஓரங்கட்டிவிட்டது. கிடார்காரர்கள் மட்டும் விடவில்லை. அளவுக்கு மீறி முடுக்கினால் வால்வு கொடுக்கிற அந்தக் கரகரப்பு அவர்களுக்கு இனிமை! ரஷ்யாவிலும் சுலோவாக்கியாவிலும் சீனாவிலும் இன்னும் வால்வு செய்கிறார்கள்.

எட்டாம் வகுப்பில் டார்ச் லைட் எரியாததற்குக் காரணம் கண்டுபிடித்தோமே, நினைவிருக்கிறதா? செல்லா, பல்பா, சுவிட்சா? ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்று என்பேன். இங்கேயும் அதே வேலைதான்.

முதலில் கிடாரையும் வயரையும் கழற்றினோம். கடுகு நிற்கவில்லை. வால்யூமைச் சுழிக்கு இறக்கினோம். அப்போதும் நிற்கவில்லை. ஆக, கோளாறு வால்யூமுக்குப் பின்னால்தான். பாதிப் பெட்டியை இப்படியே ஒதுக்கிவிடலாம், ஒரு திருகும் கழற்றாமல்.

ஒலி அமுங்குவதற்கு வேறு காரணம். பின்பக்கம் 'செண்ட்', 'ரிட்டர்ன்' என்று இரண்டு துளை இருக்கும், எதிரொலிக் கருவி மாதிரி ஏதாவது இடையில் செருகிக்கொள்ள. எதுவும் செருகாதபோது உள்ளே ஒரு சின்னத் தகடு தொட்டுக்கொண்டு பாதையை இணைக்கும். வருடக்கணக்காக யாரும் தொடாமல் அந்தத் தகடு கறுத்துவிட்டால் ஒலி வரும், போகும். இரண்டு துளைக்கும் நடுவே ஒரு குட்டி வயரைச் செருகினேன். ஒலி நின்று பேசியது. பிறகு மின்சாரத்தை நிறுத்தி, பிளக்கில் கான்டாக்ட் கிளீனர் அடித்து இருபது முறை செருகி எடுத்தோம். அந்தத் தொல்லை தீர்ந்தது.

கடுகுக்கு வருவோம். உள்ளே ஈசிசி83 வகைச் சின்ன வால்வு மூன்று, இஎல்84 இரண்டு. அணைத்து, ஆறவிட்டு, சின்ன வால்வுகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பார்த்தோம். முதலாவது, இரண்டாவது இல்லாமலும் கடுகு வெடித்தது. மூன்றாவதைப் பிடுங்கியதும் கப்சிப். அந்த இடத்தில் நல்ல வால்வைப் போட்டாலும் மறுபடி படபட. அப்படியென்றால் குற்றம் வால்வில் இல்லை, அதற்கு மின்சாரம் கொண்டுவரும் மின்தடைகளிலோ சாக்கெட்டிலோ.

இங்கே ஒரு எச்சரிக்கை. அந்தப் பெட்டிக்குள் 300 வோல்ட்டுக்கு மேல் ஓடுகிறது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் மின்தேக்கிகள் அதைப் பிடித்து வைத்திருக்கும், ஆள் போய்விடும். மின்தடை வழியாக வடித்து, மீட்டரில் பார்த்துவிட்டுத்தான் கை வைக்க வேண்டும். மின்சாரம் ஒரு கையில் ஏறி மறு கையில் இறங்கினால் வழியில் நெஞ்சு இருக்கிறது. அதனால் மின்சாரம் இருக்கிற பெட்டியில் அப்பா என்னை ஒரு கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொள்ளச் சொல்வார். வகுப்பில் நான் அப்படி நின்று செய்முறை காட்டுவதைப் பார்த்து நீங்கள் நடித்துக் காட்டிச் சிரித்தது எனக்குத் தெரியும்! பழக்கமில்லாதவர்கள் பெட்டியைத் திறக்கவே வேண்டாம். ஸ்பீக்கரைக் கழற்றிவிட்டு ஆன் செய்யவும் வேண்டாம், டிரான்ஸ்பார்மர் கருகும்.

82 கிலோ ஓம் ஒன்று, 100 கிலோ ஓம் ஒன்று. மீட்டரில் இரண்டும் சரியாகவே காட்டின. இந்த நோய் அப்படித்தான், அழுத்தம் ஏறினால்தான் வெளியே வரும். இரண்டையும் மாற்றினோம். என் கை இப்போது நடுங்குகிறது. தம்பி மகன்தான் பற்றவைத்தான், நான் பக்கத்தில் நின்றேன். கடுகு நின்றது. மின்தடை இரண்டும் சேர்ந்து இருபது ரூபாய்கூட ஆகவில்லை. டிரான்ஸ்பார்மருக்கு ஒரு கேடும் இல்லை.

"முடிந்தது" என்றேன். பக்கத்தில் இருந்த பேத்தி, வயது பதினொன்று, "இல்ல ஆச்சி, விசில் அடிக்குது" என்றாள். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. அவள் அப்பாவுக்குக் கேட்டது. வயதானால் உச்ச ஒலிகள்தான் முதலில் காதை விட்டுப் போகும். நானே பாடம் நடத்தியிருக்கிறேன். பென்சிலால் ஒவ்வொரு வால்வாகத் தட்டினேன், அவள் கேட்டுச் சொன்னாள். முதல் வால்வைத் தட்டியதும் "இதான், இதான்!" என்று துள்ளினாள். அதிர்வையே ஒலியாக்குகிற வால்வு அது. முதல் வரிசையிலிருந்து எடுத்து மூன்றாம் இடத்தில் போட்டோம். நின்றுவிட்டது என்று அவள் சொன்னாள். நம்பினேன்.

பெட்டி விற்பனைக்கு இல்லை. ஆனால் கையிருப்பாக ஈசிசி83 இரண்டு தேவை. உங்கள் வீட்டுப் பரணில் பழைய வால்வு ரேடியோ ஏதாவது கிடந்தால், எடைக்குப் போடுவதற்கு முன் எனக்கு ஒரு வார்த்தை சொல்லுங்கள்.