'டிக்'னு ஒரு சத்தம்

ஊர்ல அம்மாவுக்காக கீசருக்கு ஒரு குட்டி வெப்ப சுவிட்ச் டிசைன் பண்ணிட்டிருக்கேன். 2 கிலோவாட் காயில், 230 வோல்ட். அதாவது கிட்டத்தட்ட 8.7 ஆம்பியர். நம்ம பொழப்பு சாஃப்ட்வேராச்சே, மைக்ரோகண்ட்ரோலரும் ரிலேவும்தான் முதல்ல ஞாபகத்துக்கு வந்துச்சு. ஆனா ரிலே காண்டாக்ட் உருகி ஒட்டிக்கிச்சுன்னா எந்த ப்ரோக்ராமும் காப்பாத்தாது. அதனால தினசரி வேலை சிப்புக்கு. கடைசியா கரண்ட்டை வெட்ட தனியா ஒரு பைமெட்டல் தகடு.

வெவ்வேற அளவுல விரியற ரெண்டு உலோகத்தை ஒட்டி, லேசா குழிச்ச நாணய சைஸ் வட்டு அது. சூடு எல்லையைத் தாண்டினா 'டிக்'னு மறுபக்கம் புரண்டுடும். மெதுவா வளைஞ்சா தீப்பொறி பறந்து காண்டாக்ட் கருகிடும். அந்த 'டிக்'லதான் சூட்சுமமே!

கையால அழுத்தினாத்தான் திரும்ப கரண்ட் வரும்.

"அது அணைஞ்சா எலக்ட்ரீஷியனைக் கூப்பிடும்மா, நீ அழுத்தாதே."

"இதுக்கு வெந்நீர் அடுப்பே தேவலையேடா"ங்கறாங்க :-)