கல்லோடு வந்த விருந்தாளி

இரவு 11 மணிக்கு மேல் எங்கள் ஈசூன் வீட்டில் ‘டக்’ என்று ஒரு சத்தம். சற்று நேரம் கழித்து மறுபடி ‘டக், டக்’. வீவக வீட்டில் இருப்பவர்களுக்கு இது பழகிப்போன சங்கதிதானே! மேல்வீட்டில் கோலிக்குண்டு உருட்டுகிறார்கள் என்று நினைத்து நானும் மனைவியும் தூங்கிப்போனோம்.

இரண்டே வாரத்தில் எங்கள் கடல்நீர் மீன்தொட்டியில் ஐந்து நத்தைகள் காலி. கடைசியில் மகள் ‘லட்டு’ என்று பெயர் வைத்து வளர்த்த துறவி நண்டின் ஓடும் நொறுங்கிக் கிடந்தது. அன்று அவள் சாப்பிடவில்லை. விளக்கை அணைத்துவிட்டுக் கைவிளக்கோடு காத்திருந்தேன். புதிதாக வாங்கிப் போட்ட பாறையின் ஓட்டையிலிருந்து பச்சை நிறத்தில், விரல் நீளத்தில் ஒன்று எட்டிப் பார்த்தது. காம்பின் மேல் இரண்டு கண்கள். ஒன்று என்னைப் பார்க்க, மற்றொன்று வேறெங்கோ பார்த்தது.

“ஓட்டைக்குள்ள வெந்நீரை ஊத்திடு” என்றார் நண்பர். லட்டுவுக்காக அதைச் செய்யவும் நான் தயாராகத்தான் இருந்தேன். அதற்கு முன் யாரிடமாவது கேட்கலாமே என்று சனிக்கிழமை காலை மகளோடு சிராங்கூன் நார்த் அவென்யூ 1க்குக் கிளம்பினேன்.

அடுக்குமாடிகளின் கீழ்த்தளத்தில் வரிசையாகச் செல்லப்பிராணிக் கடைகளும் மீன் கடைகளும் இருக்கும் இடம் அது. நான் வழக்கமாகப் போகும் கடையில் இருக்கும் சீன முதியவர் கைப்பேசிக் காணொளியைப் பார்த்ததும் கேட்ட முதல் கேள்வி: “இது குத்துகிற வகையா, இடிக்கிற வகையா?”

மலாய்க்காரர்கள் ‘உடாங் லிப்பான்’, அதாவது பூரான் இறால் என்கிறார்களே, அந்த இனம்தான். ஜோகூர் பக்கம் கடலுணவுக் கடைகளில் உப்பும் மிளகும் போட்டுப் பொரித்துத் தருவார்கள். கும்பிடுபூச்சியைப் போல முன்கைகளை மடித்து வைத்திருப்பதால் ஆங்கிலத்தில் ‘மாண்டிஸ் ஷ்ரிம்ப்’. உண்மையில் இது இறால் அல்ல, தனி இனம். உலகில் 450க்கும் அதிகமான வகைகள் உண்டு.

அங்கிள் படத்தைப் பெரிதாக்கிக் காட்டினார். குத்துகிற வகைக்கு முன்கையில் சீப்புப் பல்போல முட்கள் இருக்கும். மணலில் குழி தோண்டி ஒளிந்திருந்து மீனைக் குத்திப் பிடிக்கும். இடிக்கிற வகைக்கு முழங்கை உலக்கைபோலப் புடைத்திருக்கும். பாறை ஓட்டைதான் அதன் வீடு; நத்தை, நண்டு ஓட்டை உடைத்துத் தின்னும். “சத்தம் வருதுன்னா இடிக்கிறதுதான். கையை விட்டுடாதே, விரல் போயிடும்” என்றார்.

அவர் மிகைப்படுத்தவில்லை. மயில் நிறத்தில் இருக்கும் பெரிய வகையை ஆராய்ந்தவர்கள், அதன் அடி வினாடிக்கு 23 மீட்டர் வேகம் வரை போவதாக 2004இல் பதிவு செய்திருக்கிறார்கள்.

“நிறத்தை வைத்துப் பெயர் சொல்லாதே, நிறம் மாறும். கையின் உட்பக்கப் புள்ளியையும் வாலையும் பார்” என்றும் சொல்லி அனுப்பினார். அன்றிரவு மகள் கண்ணாடியில் விரலை வைத்தாள். அது இரு கைகளையும் விரித்து மிரட்டியது. உட்பக்கத்தில் வெள்ளை வளையத்துக்குள் ஊதாப் புள்ளி! ‘கோனோடாக்டைலஸ் ஸ்மிதியை’ ஆக இருக்கலாம் என்று படங்களை ஒப்பிட்டுக் கண்டுபிடித்தோம்.

“அப்பா, பாவம், கடல்ல விட்டுடலாமா?” என்றாள். லட்டுவுக்காக அழுதவள்தான் கேட்டாள். அங்கிளிடம் கேட்டபோது அவர் திருப்பிக் கேட்டார்: “எந்தக் கடல்லேர்ந்து வந்ததுன்னு உனக்குத் தெரியுமா?” தெரியாது. தொட்டியில் வளர்ந்ததைக் கண்ட கடலில் விட்டால், அங்கே இல்லாத இனத்தையும் நோயையும் சேர்த்து விட்டதாகிவிடும்.

அதற்குப் பதிலாக, நீர் நன்றாக வற்றும் ஒரு விடியற்காலையில் மகளைச் சாங்கிக் கடற்கரைக்கு அழைத்துப் போனேன். விமானங்கள் தலைக்கு மேல் இறங்கிக்கொண்டிருக்க, கடற்புல்லுக்கு இடையே மெல்ல நடந்தோம். மணலில் ஒரு வட்டக் குழி. கைவிளக்கைத் தாழ்த்தியதும் காம்புக் கண்கள் இரண்டு மேலே வந்தன. குத்துகிற வகை. நமக்கு நிறம் அறிய மூன்று வகை உணர்செல்கள்; இவற்றில் பல வகைகளுக்குப் பன்னிரண்டு. எங்களை அது என்ன நிறத்தில் பார்த்ததோ! தன் வீட்டு வாசலில் நின்று அந்நியரைப் பார்ப்பதுபோல்தான் பார்த்தது. எங்கள் தொட்டியில் இருப்பதும் அப்படித்தானே? திருடன் வீடு புகவில்லை. அதன் வீட்டையே நான்தான் காசு கொடுத்துத் தூக்கி வந்திருக்கிறேன்.

இப்போது அதற்குத் தனித் தொட்டி. பழைய பாறையோடு, கதவு கட்டிக்கொள்ளக் கொஞ்சம் கல்லும் சிப்பியும். உப்பின் அடர்த்தி 1.025, வெப்பம் 26 பாகை. நம் ஊர்ப் புழுக்கத்தில் குளிரூட்டி இல்லாமல் அது நடக்காது. செம்பு கலந்த மீன் மருந்து பக்கத்திலேயே வரக்கூடாது. இவற்றுக்கு அது விஷம். ஈரச்சந்தையில் ஓட்டோடு வாங்கும் சிப்பிதான் விருந்து. ஒருமுறை ஓட்டையைக் கல்லால் அடைத்துக்கொண்டு பத்து நாள் வெளியே வரவில்லை. செத்துவிட்டது என்று மகள் கலங்கினாள். தோல் உரித்துவிட்டுப் பளபளப்பாக வந்து நின்றது. அந்த நேரத்தில் உடல் மென்மையாக இருக்கும். பாறையைத் தூக்கிப் பார்க்காமல் இருப்பதே நாம் செய்யும் உதவி.

லட்டுவின் உடைந்த ஓடு மகளின் மேசையில் இன்னும் இருக்கிறது. அந்தத் தொட்டிக்குச் சிப்பி போடுவதும் அவள்தான்.

போன வாரம் மின்தூக்கியில் கீழ்வீட்டு ஆண்ட்டி என்னைப் பார்த்துத் தயங்கித் தயங்கிக் கேட்டார்: “ராத்திரியில உங்க வீட்டுல யாரு கோலிக்குண்டு உருட்டுறது?”