வாயில் காக்கும் வீதிகள்

அமெரிக்க நாட்டில், மிஸிசிப்பி ஆற்றின் மேற்குக் கரையில், பிரான்சு மன்னரான புனித லூயிஸின் பெயரைத் தாங்கி 1764-இல் எழுந்தது செயிண்ட் லூயிஸ் நகரம். ஆற்றோரத்தில் வானளாவி நிற்கும் எஃகு வளைவைக் காணவே பயணிகள் அங்குச் செல்வர். ஆயின், நகரின் மேற்கே பாரஸ்ட் பூங்காவுக்கு அருகிலுள்ள போர்ட்லண்ட் பிளேஸ், வெஸ்ட்மோர்லண்ட் பிளேஸ் என்னும் இரு வீதிகளுக்கு வாசகர்களை அழைத்துச் செல்ல விரும்புகிறோம்.

வீதியின் முகப்பில் கல்லால் எழுப்பிய பெருவாயில். அப்பால் இருமருங்கும் மரங்கள், மாளிகைகள். இவை அரசாங்கத்தின் தெருக்கள் அல்ல. வீடுடையோரின் கூட்டுச் சொத்து. சாலையைச் செப்பனிடுவதும், காவலாளரை அமர்த்துவதும், வாயிலைத் திறப்பதும் அடைப்பதும் அவர்கள் தேர்ந்தெடுத்த பொறுப்பாளரின் கடமை. செலவை வீட்டாரே பங்கிட்டுக்கொள்வர்.

ஜூலியஸ் பிட்ஸ்மன் என்னும் நில அளவையாளர் 19-ஆம் நூற்றாண்டில் இத்தகைய வீதிகள் பலவற்றை வகுத்தார். விதிகள் கிரயப் பத்திரத்திலேயே எழுதப்பட்டன. ஒரு மனையில் ஒரு குடும்பத்திற்குரிய வீடே இருத்தல் வேண்டும். கடையோ தொழிற்கூடமோ கூடாது. வீடு கைமாறினாலும் விதி நிலத்தோடு செல்லும்.

இதனால் பயன் உண்டா? அந்நகரில் பேராசிரியராக இருந்த கட்டடக் கலைஞர் ஆஸ்கர் நியூமன், புரூயிட்-ஐகோ என்னும் 33 அடுக்குமாடிக் கட்டடங்கள் பாழ்பட்டதைக் கண்ணாரக் கண்டவர். எவருக்கும் உரியதல்லாத நடைகளையும் படிக்கட்டுகளையும் எவரும் காப்பதில்லை என்று அவர் உணர்ந்தார். அதே நகரின் தனிவீதிகளிலோ குற்றங்கள் குறைந்திருந்தன. இரும்புக் கதவைவிட, தம் வீதி எதுவென்று மக்கள் அறிந்து, அயலாரை முகமறிந்து வாழ்வதே காவல் என்பது அவர் கருத்து. அவர் யோசனைப்படி, ஒஹையோ மாநிலத்து டேட்டன் நகரில் ஃபைவ் ஓக்ஸ் என்னும் பகுதி 1990-களின் தொடக்கத்தில் 10 சிறு பிரிவுகளாக வாயிலிட்டு அடைக்கப்பட்டது. குற்றங்கள் 26 விழுக்காடும், வன்முறைக் குற்றங்கள் 50 விழுக்காடும் குறைந்தன என்று பின்னர்க் கணக்கிடப்பட்டது.

ஆனால் இதே பத்திரம் வேறொன்றுக்கும் பயன்பட்டது. லபாடி அவென்யூவில் 1911-இல் வீட்டுரிமையாளர் சிலர், கறுப்பினத்தாரும் மங்கோலிய இனத்தாரும் அங்குக் குடியிருக்கலாகாது என்று 50 ஆண்டுகளுக்கு உடன்படிக்கை எழுதினர். 1945-இல் ஷெல்லி என்னும் கறுப்பினக் குடும்பத்தார் அங்கு வீடு வாங்கினர். அவர்களை வெளியேற்றக் கோரிய வழக்குக்கு மார்க்கஸ் அவென்யூ மேம்பாட்டுச் சங்கம் துணைநின்றது. அத்தகைய உடன்படிக்கையை நீதிமன்றங்கள் நிறைவேற்றலாகாது என்று 1948 மே 3-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அண்டைவீட்டார் கூடி எழுதும் விதி எதுவாயினும், அது யாரை வெளியே நிறுத்துகிறது என்று கேட்கும் பழக்கம் அன்றே வந்திருக்க வேண்டும், மெதுவாகவே வந்தது.

2020 ஜூன் 28-இல் கறுப்பினத்தவர்க்கு நீதி கேட்டுச் சென்ற ஊர்வலத்தார் போர்ட்லண்ட் பிளேஸின் வாயிலைக் கடந்தனர். ஒரு தம்பதியர் தம் வீட்டு முன்பு துப்பாக்கி ஏந்தி நின்ற படம் உலகெங்கும் பரவியது. அவர்கள் 2021-இல் நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டனர். மாநில ஆளுநர் மன்னிப்பு வழங்கினார்.

செல்வர் வாழ்ந்த வாண்டிவென்டர் பிளேஸ் என்னும் தனிவீதி 1870-இல் தொடங்கப்பட்டது. சுற்றிலும் வணிகம் பெருகவே, கடுமையான விதிகள் இருந்தும் வீட்டார் ஒவ்வொருவராய் அகன்றனர். வீதி இன்று இல்லை. அதன் ஒரு பகுதியில் போர்வீரர் மருத்துவமனை நிற்கிறது. பழைய வாயில் மட்டும் பாரஸ்ட் பூங்காவில் நிறுத்தப்பட்டுள்ளது. அதனூடே எவரும் நடந்து செல்லலாம்.