வடிகட்டியும் என் காதும்

ரிட்டயர் ஆன பிறகு என்ன செய்கிறீர்கள் சார் என்று கேட்பவர்களுக்காக இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இரண்டு வருடமாக மாடி அறையில் சின்தசைசர் கட்டிக்கொண்டிருக்கிறேன். கடையில் வாங்கும் கீபோர்டு இல்லை. ஒலியை உண்டாக்கும் சர்க்யூட் ஒரு பெட்டியில், அதைச் செதுக்கும் சர்க்யூட் இன்னொரு பெட்டியில் என்று தனித்தனியாகச் செய்து வயரால் இணைக்கும் மாடுலர் வகை. இளவயதில் ரேடியோ பிரித்துப் பழகிய கை. ரிச்சி தெருவுக்கு ஒருமுறை போய் வந்தால் ஒரு மாதம் பொழுது போகும்.

இதில் என்னைப் பிடித்துக்கொண்டது ஃபில்டர், அதாவது வடிகட்டி. 100 ஹெர்ட்ஸில் ஒரு ரம்பப் பல் அலையைக் கொடுத்தால் அதற்குள் 200, 300, 400 என்று மேல் சுரங்கள் வரிசையாக இருக்கும். எதுவரை விடுவது, எங்கே வெட்டுவது என்பது ஃபில்டரின் வேலை. டீ வடிகட்டி மாதிரிதான், துளையின் அளவைக் குமிழால் மாற்றலாம்.

மூன்று விதமாகக் கட்டினேன். முதலாவது ராபர்ட் மோக் 1966இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்த டிரான்சிஸ்டர் ஏணி. (எழுத்தைப் பார்த்து ரொம்ப நாள் 'மூக்' என்றே சொல்லிக்கொண்டிருந்தேன்.) நான்கு படி, படிக்கு இரண்டு டிரான்சிஸ்டர், ஒரு கெப்பாசிட்டர். டிரான்சிஸ்டரில் ஓடும் மின்னோட்டத்தைக் கூட்டினால் அதன் உள்தடை குறைகிறது, வெட்டும் இடம் மேலே போகிறது. படிக்கு 6 டெசிபல், ஆக ஆக்டேவுக்கு 24. வெட்டும் இடத்துக்கு நன்றாக மேலே, அதிர்வெண் இரட்டித்தால் அலை பதினாறில் ஒரு பங்காகிவிடும். ஒரு குறை உண்டு. ரெசொனன்ஸ் குமிழைத் திருகத் திருக அடிச்சுரம் மெலியும். தானே விசிலடிக்கத் தொடங்கும் கட்டத்தில் அடிச்சுரம் ஐந்தில் ஒரு பங்குதான் மிச்சம்.

இரண்டாவது, அதே ஏணியில் டிரான்சிஸ்டருக்குப் பதில் டயோடு. படிகள் ஒன்றையொன்று இழுப்பதால் வளைவு சட்டென்று இறங்காது, ஒலியில் ஒரு கரகரப்பு. மூன்றாவது ஸ்டேட் வேரியபிள். எல்எம்13700 ஐசி ஒன்றும் ஆப்-ஆம்ப் ஒன்றும் போதும். சரிவு 12 டெசிபல்தான். ஆனால் கீழ்ப்பகுதி, நடுப்பகுதி, மேல்பகுதி மூன்றும் தனித்தனியாக ஒரே நேரத்தில் கிடைக்கும், ரெசொனன்ஸைக் கூட்டினாலும் அடிச்சுரம் போகாது.

வாத்தியார் புத்தி, நோட்டுப் போட்டு மார்க் கொடுத்தேன். மோக் ஏணி மந்தம், 55. டயோடு 60. ஸ்டேட் வேரியபிள் தெளிவு, 85. உலகமே கொண்டாடும் ஏணி எனக்கு மட்டும் ஏன் போர்வைக்குள் பேசுவது போலக் கேட்கிறது என்று ஒரு சந்தேகம். அதோடு குமிழைப் பாதிக்கு மேல் திருப்பினால் அதன் விசில் அப்படியே நின்றுவிடும். ஜோடி சரியாகப் பொருந்தவில்லை என்று நினைத்து எட்டு டிரான்சிஸ்டரையும் கழற்றி, மீட்டரில் அளந்து, வேறு போட்டேன். இரண்டு நாள் வேலை. அப்படியும் நின்றது.

அன்றைக்கு மாடிக்கு வந்த பேத்தி வாசலிலேயே காதைப் பொத்திக்கொண்டாள். "தாத்தா, அதை நிறுத்துங்க, காது கூசுது!"

எனக்கு அறை நிசப்தமாக இருந்தது. ஆசிலாஸ்கோப்பில் வைத்துப் பார்த்தேன். சுத்தமான சைன் அலை, 9000 ஹெர்ட்ஸ். ஃபில்டரில் ஒரு கோளாறும் இல்லை.

மறுவாரம் காது டாக்டர் வரைபடத்தைக் கையில் கொடுத்தார். 2000 ஹெர்ட்ஸ் வரை ஏறக்குறைய சமதளம், அங்கே 20 டெசிபல். 4000இல் 45. 8000இல் 70. ஆக்டேவுக்கு 25 டெசிபல் சரிவு, மோக்கின் ஏணியை விட ஒன்று கூடுதல்! டாக்டரிடம் சொன்னேன், சிரித்தார். வயசுக்கு வர்றதுதான் சார், பத்து வருஷமாவே இருந்திருக்கும் என்றார். உயிரெழுத்து நன்றாகக் கேட்கும், ச, த, ப மாதிரி மெய்யெழுத்துதான் நழுவும் என்றார்.

பத்து வருடம் என்றால் நான் வகுப்பில் இருந்த காலம்.

கடைசி மூன்று வருடம் ஐந்தாம் வகுப்பு எடுத்தேன். இரண்டாம் பெஞ்சில் ஒரு பெண், மெல்லிய குரல். வாசிக்கச் சொன்னால் எனக்கு வெறும் 'ஆ, இ' என்று காற்றுதான் வரும். "முழுங்காதே, எழுத்தைச் சொல்லு" என்று எத்தனையோ தடவை நிற்க வைத்திருக்கிறேன். மற்ற பிள்ளைகள் "சரியாத்தான் சார் படிக்கிறா" என்றார்கள். அவர்களையும் அதட்டி உட்கார வைத்தேன். வருடக் கடைசியில் அவள் வாயே திறப்பதில்லை. கூச்ச சுபாவம் என்று அவள் அம்மாவிடம் சொல்லி அனுப்பினேன்.

அந்த வகுப்புப் பிள்ளைகள் சிலர் இங்கே நட்பில் இருக்கிறீர்கள். யாரைச் சொல்கிறேன் என்று உங்களுக்குத் தெரியும். பெயரை கமெண்டில் போட வேண்டாம். அவளிடம் இதைக் காட்டுங்கள். நீ சரியாகத்தான் படித்தாய் அம்மா, சாருக்குத்தான் கேட்கவில்லை.

நோட்டில் இருந்த மார்க்கை அடித்துவிட்டேன். இப்போது பேத்தி கேட்டுச் சொல்கிறாள், நான் எழுதுகிறேன். ஏணிக்கு 90 கொடுத்திருக்கிறாள். ஸ்டேட் வேரியபிள் "கத்துது தாத்தா" என்று 40. டயோடு இன்னும் பாக்கி, ஞாயிற்றுக்கிழமை வருகிறாள்.