பழந்தீவிலிருந்து ஒரு கடிதம்



நமது தூத்துக்குடிப் பழைய துறைமுகத்தில் வெங்காயமும் ஜல்லியும் ஏற்றிக்கொண்டு மாலத்தீவுக்குப் பாய் விரிக்கும் தோணிகளைச் சிறு வயது முதல் பார்த்து வளர்ந்த நான், அதே தீவுக்கூட்டத்தில் ஒரு சிறு பள்ளிக்கூடத்தின் கணித ஆசிரியனாக அமர்ந்து உமக்குக் கடிதம் எழுதுவேனென்று எண்ணியதேயில்லை. சரக்கு தூத்துக்குடியிலிருந்து நேரே வந்துவிடுகிறது, பி.எட். பட்டத்தோடு வரும் வாத்தியாரோ திருவனந்தபுரம் போய் விமானம் ஏற வேண்டியிருக்கிறது. 1906-இல் வ.உ.சி. சுதேசிக் கப்பல் கம்பெனியைத் தொடங்கிக் கொழும்புக்குப் பிரயாணிகளை ஏற்றிய ஊர் நம்முடையது என்பதை நினைத்தால் சற்று வெட்கமாகத்தான் இருக்கிறது.

இங்கும் படகுக்குத் தோணி என்றே பெயர். ராஜராஜன் வென்றதாக மெய்க்கீர்த்தி கூறும் பன்னீராயிரம் பழந்தீவுகள் இவையே என்பது சரித்திர ஆசிரியர் பலரின் அபிப்பிராயம். ஆயினும் நம் வீட்டுச் சம்பலில் மணக்கும் மாசிக்கருவாடு இத்தீவுகளின் சூரைமீன்தான் என்று கண்டபோது உண்டான பாந்தவ்யம், சாசனம் படித்து எனக்கு உண்டானதில்லை.

வகுப்பில் முதல் நாள் நடந்ததைக் கேளும். திவேஹி பாஷையின் தானா எழுத்து வலமிருந்து இடமாகச் செல்வது; இலக்கங்களோ நம்மைப்போல இடமிருந்து வலம். ஒரு சிறுமி கணக்கு நோட்டைப் பின்னட்டையிலிருந்து தொடங்கி, ஈவும் மீதியும் பிசகின்றிப் போட்டு நீட்டினாள். முதல் பக்கம் எது என்று தெரியாமல் நோட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்து விழித்தவன் நான்தான். வெள்ளியும் சனியும் இங்கே விடுமுறை. ஞாயிறன்று பனிமய மாதா கோவில் மணிக்குப் பழகிய காது, இப்போது அதே கிழமையில் பள்ளிக்கூட மணிக்குப் பழகி வருகிறது.

உமது மருமகனும் வர விரும்புவதாக எழுதியிருக்கிறீர். தாராளமாக வரட்டும். அந்நிய நாட்டுப் பட்டங்களை இங்குள்ள தகுதி ஆணையம் பரிசீலிக்குமாதலால், சான்றிதழ்களில் பெறவேண்டிய முத்திரைகளையெல்லாம் முன்னதாகவே பெற்றுக்கொள்ளட்டும். அதை அசட்டை செய்து நான் பட்ட அலைச்சல் போதும். எனக்கு இடம் பிடித்துக் கொடுத்த தரகர் மூன்று மாதச் சம்பளத்தைக் கறந்துவிட்டார். சலாபத்தில் முத்துக்குளித்த என் பாட்டனார், எடுத்த சிப்பியில் மூன்றில் இரண்டு பங்கு சர்க்காருக்கு, மீதிதான் குளிகாரனுக்கு என்று சொல்லிப் பெருமூச்சு விடுவார். 1961-ஓடு சலாபம் நின்றது. பங்குக் கணக்கு நிற்கவில்லை போலும். ஆகவே, முகவர் 1983-ஆம் ஆண்டுக் குடிபெயர்வுச் சட்டப்படி பதிவுபெற்றவர்தாமா என்று பதிவு எண்ணைக் கேட்டு வாங்கி, அதைச் சரிபார்த்த பிறகே பணப்பையை அவிழ்க்கச் சொல்லும்.