தொகுப்பாளர் இல்லாத ஆட்டம்

6,40,000-ஐ இரட்டித்தால் 12,80,000. ஆனால் 2000 ஜூலை 3-ஆம் தேதி ஸ்டார் பிளஸில் அமிதாப் பச்சன் தொடங்கிவைத்த ‘கௌன் பனேகா க்ரோர்பதி’ வினாடி வினாவின் பரிசு ஏணியில் 6,40,000-க்கு அடுத்த படி 12,50,000. அடியிலும் ஒரு நொண்டல் உண்டு: 1,000, 2,000, 3,000, 5,000. அதற்கு மேல் 6,40,000 வரை சீராக இரட்டிக்கும். ஓரிடத்தில் இடறும். பிறகு மறுபடி இரட்டித்து ஒரு கோடியில் போய் நிற்கும். காரணம் இங்கிலாந்தில் இருக்கிறது. 1998 செப்டம்பரில் ஐடிவியில் தொடங்கிய மூல நிகழ்ச்சியின் ஏணியை அப்படியே எடுத்து, பத்தால் பெருக்கி, பவுண்டை ரூபாயாக்கியதுதான் நம் ஏணி. அங்கே 64,000-க்கு அடுத்தது 1,25,000. உச்சி சரியாகப் பத்து லட்சத்தில் முடிய வேண்டுமே, அதற்கான சரிக்கட்டல்.

இந்த ஆட்டத்தைக் கம்ப்யூட்டரில் எழுத உட்காரும் பையன்கள் முதலில் போடும் வரி, ‘முந்தைய தொகை பெருக்கல் 2’. அதை அடித்துவிட்டு, பதினைந்து எண்களையும் அட்டவணையாகவே எழுதச் சொல்வேன். கமாவையும் கையோடு பார்க்க வேண்டும். சும்மா விட்டால் பல மென்பொருள்கள் 1,60,000-ஐ 160,000 என்று காட்டும். மும்பை மாட்டுங்காவில் நான் இந்த ஆட்டத்தை நடத்தும்போது முன்வரிசையில் உட்கார்ந்திருப்பவர்கள் ஓய்வுபெற்ற வங்கி அதிகாரிகள். கமா இடம் மாறினால் அடுத்த கேள்விக்குப் போக விடமாட்டார்கள்.

அங்கே கிங்ஸ் சர்க்கிளில் ஆட்டம் நடத்துவது எனக்கு உபதொழில்கூட இல்லை, பொழுதுபோக்கு. மகேஷ்வரி உத்யானைச் சுற்றியுள்ள பள்ளிகளின் ஆண்டு விழா, குடியிருப்புச் சங்கத்தின் பொங்கல் விழா, செம்பூரில் நவராத்திரி, தாராவியில் ஓர் இளைஞர் மன்றம் என்று லேப்டாப்பும் புரொஜெக்டருமாகக் கிளம்பிவிடுவேன். பரிசு பெரும்பாலும் எவர்சில்வர் டப்பா. கேட்பவர்கள் தரும் குறிப்பு எப்போதும் ஒரே வரிதான்: “டிவியில வர்ற மாதிரியே இருக்கணும்.”

டிவியில் வருவது எல்லோருக்கும் தெரியும். இந்தியில் பச்சன், தமிழில் 2012-லிருந்து விஜய் டிவியில் சூர்யா, பிரகாஷ்ராஜ், அரவிந்த்சாமி, பிறகு கலர்ஸ் தமிழில் ராதிகா என்று எத்தனையோ இரவுகள் பார்த்தவர்கள்தான். ஆனால் உட்கார்த்திவைத்து விதியைச் சொல்லச் சொன்னால் நாலாவது நிமிடத்தில் திணறுவார்கள். அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை. விதியில் பாதியைத் தொகுப்பாளர் தன் வாயிலேயே வைத்திருக்கிறார். போட்டியாளர் உளறினால் திருப்பிக் கேட்கிறார், தயங்கினால் காத்திருக்கிறார், ஏடாகூடமாக ஏதாவது நடந்தால் படப்பிடிப்பை நிறுத்தி உள்ளே போய்ப் பேசிவிட்டு வருகிறார்கள். நமக்கு வந்து சேர்வது வெட்டி ஒட்டிய ஆட்டம். கம்ப்யூட்டருக்கு அந்த வாயும் கிடையாது, கத்தரியும் கிடையாது. “அதெல்லாம் அப்போ பாத்துக்கலாம்” என்று அதனிடம் சொல்ல முடியாது.

அதனால் ஒரு வரி நிரல் எழுதுமுன் ‘இப்படி ஆனால்?’ என்று கேட்கக்கூடிய ஒருவரைத் தேடுவேன். எங்கள் கட்டடத்திலேயே ஒரு மாமி இருக்கிறார். கம்ப்யூட்டரைத் தொட்டதில்லை, ஆனால் இந்த வேலைக்கு அவரை மிஞ்ச ஆளில்லை. முதலில் லைஃப்லைன்களைப் பிடித்துக்கொண்டார்: நாலு பதிலில் தவறான இரண்டை அழிக்கும் ஃபிஃப்டி-ஃபிஃப்டி, அரங்கத்தின் வாக்கைக் கேட்கும் ஆடியன்ஸ், நண்பரை அழைக்கும் போன்.

“ஏண்டா, ஃபிஃப்டி-ஃபிஃப்டி எடுத்துக்கறேன். மிச்சம் ரெண்டுலயும் சந்தேகமாவே இருக்கு. ஆட்டமே வேண்டாம்னு எழுந்து போனா விடுவியா?”

“விடுவேன் மாமி. அதுவரைக்கும் ஜெயிச்சது உங்களுக்கு.”

“சரி, ஆடியன்ஸை முதல்ல கேட்டுட்டேன். அறுபது பர்சன்ட் பேர் பி-ன்னுட்டா. அப்புறம் ஃபிஃப்டி-ஃபிஃப்டி எடுத்தா அந்த பி-யே காணாமப் போறது. திரையில அந்த அறுபது நிக்குமா, போயிடுமா?”

இதைப் பற்றி எந்த அறிவிப்பிலும் ஒரு வரி இல்லை. நான் யோசித்து, நிற்கும் என்று முடிவு செய்தேன். அரங்கம் தவறியது என்பதும் போட்டியாளர் விலை கொடுத்து வாங்கிய தகவல்தானே. மீதி நாற்பதை நூறாக்கி மறுபடி வரைந்தால் இல்லாத நம்பிக்கையை ஊட்டிவிடும். வரிசை மாறினால் கதையும் மாறும். ஃபிஃப்டி-ஃபிஃப்டி முதலில் வந்திருந்தால் இரண்டு பதில்களுக்குத்தான் வாக்கு. அழிந்த இரண்டுக்கும் சுழியம்.

எந்த இரண்டு தவறான பதில்களை அழிப்பது என்பதில் எனக்குப் பிடிவாதமான கருத்து உண்டு. குருட்டாம்போக்கில் அழிக்கலாம், ஆனால் கேள்வி திரைக்கு வருமுன்பே அதைத் தீர்மானித்துப் பதிந்துவைத்துவிட வேண்டும். போட்டியாளர் “சி-யா டி-யா, தெரியலையே” என்று உரக்க யோசித்த பிறகு பொத்தானை அழுத்தி, அதே சி-யும் டி-யும் மிஞ்சினால் அரங்கம் முழுக்க, ஆட்டத்தை நடத்துபவன் மேல் சந்தேகப்படும். முன்பே பதிந்திருந்தால் கோப்பைத் திறந்து காட்டலாம். ‘மேற்கண்ட அனைத்தும்’ என்ற விடை உள்ள கேள்விகளை நான் சேர்ப்பதே இல்லை. பதில்களின் வரிசையைக் கலைத்தால் அது மேலே போய் உட்கார்ந்துகொள்ளும்.

அரங்கம் இல்லாமல் வீட்டில் ஒருவரே ஆடும் வடிவத்தில் ஆடியன்ஸையும் நிரலே கற்பனை செய்தாக வேண்டும். ஜேம்ஸ் சுரோவிக்கி 2004-ல் வெளியிட்ட ‘தி விஸ்டம் ஆஃப் க்ரவுட்ஸ்’ புத்தகத்தில், இந்த ஆட்டத்தின் அமெரிக்க வடிவத்தில் அரங்கத்தின் பெரும்பான்மை 91 சதவீதம் சரியாகச் சொன்னதாகவும், போனில் அழைத்த நண்பர்கள் 65 சதவீதமே சரியாகச் சொன்னதாகவும் ஒரு கணக்கு வருகிறது. அந்த 91-ஐ எல்லாக் கேள்விக்கும் வைத்தால் ஆட்டம் கெட்டுவிடும். அரங்கத்தைக் கேட்பது பெரும்பாலும் கீழ்ப்படிகளில்; போனை வைத்திருப்பது கடினமான கேள்விக்கு. பன்னிரண்டாம் கேள்வியில் என் கற்பனை அரங்கம் சிதறும், சில சமயம் தவறான பக்கம் சாயும். முழு எண்ணாக்கும்போது கூட்டுத்தொகை 99 ஆகிவிடாமலும் பார்க்க வேண்டும். மிஞ்சும் ஒன்றை அதிக வாக்கு பெற்ற பதிலுக்குச் சேர்த்துவிடுவேன். போன் விஷயம் வேறு மாதிரி. அமெரிக்காவில் 2010 ஜனவரியில் அந்த உதவியையே எடுத்துவிட்டார்கள். மறுமுனையில் நண்பர் பேசுகிறாரா, கூகுள் பேசுகிறதா என்று தெரியாமல் போயிற்று. நம் அரங்கில் 30 வினாடி என்பதைக் கண்டிப்பாக வைத்தாலே பாதி அடங்கும்.

பச்சனின் ‘லாக் கியா ஜாயே?’ (பூட்டிவிடலாமா?) என்பதை மிமிக்ரிக்காரர்கள் கேலி செய்வார்கள். எனக்கு அது மொத்த ஆட்டத்தின் ஆணி. பதிலைச் சொல்வது ஒரு செயல், பூட்டுவது வேறொரு செயல். இடையில் எத்தனை முறை வேண்டுமானாலும் மனம் மாறலாம். அதனால் நிரலிலும் இரண்டு அழுத்தம், பூட்டிய பின் திரும்பும் வழி இல்லை. அரங்கில் ‘பி’யும் ‘டி’யும் காதில் ஒன்றாகவே விழுவதால், எழுத்தோடு பதிலின் சொல்லையும் சேர்த்துச் சொல்ல வேண்டும் என்று ஒரு விதி சேர்த்தேன். ராதிகா நடத்திய ‘கோடீஸ்வரி’யில் 2020 ஜனவரியில் ஒரு கோடி வென்ற கௌசல்யா கார்த்திகா, பேசவும் கேட்கவும் இயலாதவர். அதைப் பார்த்த பிறகு, பூட்டுவது குரலால்தான் நடக்க வேண்டும் என்ற எண்ணமே என்னிடமிருந்து போய்விட்டது.

அதிகம் மல்லுக்கட்ட வைப்பது, யார் ஆட உட்காருவது என்று தீர்மானிக்கும் ‘ஃபாஸ்டஸ்ட் ஃபிங்கர் ஃபர்ஸ்ட்’. முதல் பருவத்தில் பத்துப் பேர், நாலு விஷயங்களை வரிசைப்படுத்த வேண்டும். எங்கள் விழாக்களில் நாலு பேர் ஒரே விசைப்பலகையைப் பங்கு போட்டால் போதும் என்பார்கள். போதாது. விசைப்பலகைக்குள் ஒவ்வொரு விசைக்கும் தனிக் கம்பி கிடையாது. குறுக்கும் நெடுக்குமாக ஒரு வலைதான். சில விசைகளைச் சேர்த்து அழுத்தினால் மலிவானவை பலவும் மூன்றாவதை விழுங்கிவிடும். மூலையில் உட்கார்ந்த பெண் எத்தனை வேகமாக அழுத்தினாலும் அவள் விரல் கணக்கில் வராது. சாதாரண யூஎஸ்பி விசைப்பலகையைக் கணினி எட்டு மில்லி வினாடிக்கு ஒருமுறை அளவில்தான் எட்டிப் பார்க்கிறது. அதற்குள் விழுந்த இரண்டு அழுத்தங்களில் எது முந்தியது என்று சொல்ல வழியில்லை. திரையில் வினாடியின் ஆயிரத்தில் ஒரு பங்கு வரை நேரத்தைக் காட்டினால் பார்க்க ஜோராக இருக்கும், ஆனால் அது பொய்த் துல்லியம். நான் நூறில் ஒரு பங்கோடு நிறுத்திக்கொள்கிறேன். அதுவரை ஒன்றாக இருந்தால் சமன்; சமன் என்றால் அவர்களுக்குள் இன்னொரு கேள்வி. எல்லோருமே தவறினாலும் இன்னொரு கேள்வி. ஒருவர் மட்டும் சரியாகச் சொல்லியிருந்தால், எத்தனை மெதுவானவராக இருந்தாலும் அவரே உள்ளே போவார். தாராவிப் பையன்கள் இதைக் கேட்டதும் முகம் சுளித்தார்கள். “ஸ்பீடுக்கு மதிப்பே இல்லையாண்ணே?”

சில விதிகளுக்குப் பின்னால் உள்ள காரணம் பக்கத்தில் இன்னொரு விதியை வைத்தால்தான் தெரியும். 2010-ல் இந்தி நிகழ்ச்சி சோனிக்குப் போனபோது ‘டபுள் டிப்’ வந்தது, ஒரே கேள்விக்கு இரண்டு முறை பதில் சொல்லலாம் என்று. அந்தப் பருவத்தில் ஃபிஃப்டி-ஃபிஃப்டி இல்லை. இரண்டையும் ஒரே கேள்வியில் எடுத்தால் மிஞ்சுவது இரண்டு பதில், வாய்ப்பும் இரண்டு. விடையைத் தட்டில் வைத்துக் கொடுத்த மாதிரி. எங்கள் விழாக்களில் எல்லா உதவியும் வேண்டும் என்று கேட்பவர்களுக்கு இதைத்தான் காட்டுவேன். கடிகாரத்திலும் ஒரு நுணுக்கம். 2008-ல் அமெரிக்காவில் கடிகாரம் வைத்தபோது, நேரம் தீர்ந்தால் அதுவரை வென்றதோடு வெளியேறலாம், அது தவறான பதிலாகாது. ஆனால் டபுள் டிப்பில் முதல் பதில் தவறி, இரண்டாவதற்கு முன் நேரம் தீர்ந்தால் அது தவறுதான். இந்த ஒரு வரி இல்லாவிட்டால், தவறாகச் சொல்லிவிட்டுக் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு சும்மா உட்கார்ந்தே பணத்தைக் காப்பாற்றிக்கொள்ளலாம்.

சொல்லாமல் விட்ட விதியால் உலகமே சண்டை போட்ட கதையும் உண்டு. ஒரு டிவி விளையாட்டில் மூன்று கதவு, ஒன்றின் பின்னால் கார். நீங்கள் ஒன்றைத் தேர்ந்தபின் தொகுப்பாளர் காலியான இன்னொன்றைத் திறந்து, மாற்றிக்கொள்கிறீர்களா என்று கேட்கிறார். மாற்றினால் வாய்ப்பு மூன்றில் இரண்டு என்று 1990-ல் மெரிலின் வோஸ் சவான்ட் பத்திரிகையில் எழுத, கணிதப் பேராசிரியர்கள் வரை பாய்ந்தார்கள். ஆனால் தொகுப்பாளர் எப்போதும் கதவைத் திறந்தாக வேண்டும் என்ற விதி இருந்தால்தான் அந்தக் கணக்கு நிற்கும். அந்த மாதிரி நிகழ்ச்சியின் நிஜத் தொகுப்பாளரான மான்டி ஹாலை மறு வருடம் நியூயார்க் டைம்ஸ் நிருபர் போய்ப் பார்த்தபோது, தனக்கு அப்படிக் கட்டாயமே இல்லை என்று விளையாடிக் காட்டினார். இதை நிரலாக எழுதச் சொன்னால் என் முதல் கேள்வி, ‘எப்போதுமா, இஷ்டப்பட்டபோதா?’ என்பதாகத்தான் இருக்கும்.

‘தற்செயல்’ என்ற சொல்லையும் நான் எளிதில் விடுவதில்லை. 1984-ல் ‘பிரஸ் யுவர் லக்’ என்ற அமெரிக்க நிகழ்ச்சியில் மைக்கேல் லார்சன் என்பவர் 1,10,237 டாலர் வென்றார். பலகையில் சுழன்ற வெளிச்சம் தற்செயலானது என்றுதான் எல்லோரும் நினைத்திருந்தார்கள். அது ஐந்தே வடிவங்களில் மாறி மாறி ஓடுவதை வீட்டில் பதிவு செய்து பார்த்து, மனப்பாடம் செய்துகொண்டு வந்திருந்தார் அவர். அவர் செய்தது ஏமாற்று இல்லை என்று சேனலும் கடைசியில் பணத்தைக் கொடுத்துவிட்டது. எனக்கு இதில் லார்சன் மேல்தான் மரியாதை.

கேள்வியே தவறாக இருந்தால்? இங்கிலாந்தில் 1999-ல் இது நடந்தது. டென்னிஸில் ஒரு செட்டை வெல்லக் குறைந்தபட்சம் எத்தனை முறை பந்தை அடிக்க வேண்டும் என்று கேட்டு, 24 என்பதைச் சரி என்று ஏற்றுக்கொண்டார்கள். எதிராளி தன் சர்வீஸ் ஆட்டங்களை இரட்டைப் பிழையாலேயே தோற்கலாம் என்பதால் 12 போதும். நிகழ்ச்சி, போட்டியாளரிடமிருந்து பணத்தைத் திரும்ப வாங்கவில்லை. எங்கள் முன்வரிசை அத்தனை பெருந்தன்மை காட்டாது. அதனால் ஆட்டத்தை நடத்துபவர் கையில் ‘கேள்வி ரத்து’ என்று ஒரு விசை வைத்திருக்கிறேன். அதை அழுத்தினால் ஆட்டம் அந்தக் கேள்விக்கு முந்தைய நிலைக்குப் போகும், அதில் செலவான லைஃப்லைன்களும் திரும்பி வரும். ஒவ்வொரு பூட்டலுக்குப் பிறகும் நிலவரத்தைச் சேமிப்பது முதலில் மழைக்காகச் செய்தது. காந்தி மார்க்கெட் பக்கம் தண்ணீர் ஏறி மின்சாரத்தை நிறுத்திவிட்டால், இன்னொரு நாள் விட்ட இடத்திலிருந்து தொடரலாமே என்று. ரத்து விசைக்கும் அதே சேமிப்புதான் உதவியது.

லைஃப்லைன் திரும்புவதில்தான் மாமி மறுபடி பிடித்தார். போன் செய்துவிட்ட நண்பர், தான் ஆட்டத்தில் இருப்பது தெரிந்து இப்போது உஷாராகிவிட்டாரே, அவரையே இரண்டாம் முறை அழைக்கலாமா? கூடாது என்று பேசி, மாற்று நண்பர் ஒருவரின் எண்ணையும் முன்கூட்டியே வாங்கிவைப்பதாக இப்போதைக்கு முடிவாகியிருக்கிறது. அந்த நண்பர் போனை எடுக்காவிட்டால் 30 வினாடி எப்போதிலிருந்து ஓடும் என்று மாமி கேட்டிருக்கிறார். பொங்கல் விழாவுக்குள் பதில் சொல்ல வேண்டும்.