ஓமும் குன்னூர் குளிரும்

நீலகிரியில் டிசம்பர் பிறந்தால் பரணிலிருந்து ரூம் ஹீட்டர்கள் இறங்கிவிடும். குன்னூரில் எனக்குத் தெரிந்த பெரியவர் ஒருவர், தேயிலை ஃபேக்டரியில் டீ மேக்கராக இருந்து ரிட்டயரானவர். மனைவிக்கு வீசிங். ''2,000 வாட்டுன்னு எழுதியிருக்கு சார். ஆனா, பூனை பக்கத்துல படுத்த சூடுகூட வரலை'' என்றார். கடைக்காரன் ஏமாற்றிவிட்டான் என்பது அவர் கட்சி.

கடைக்காரர் நிரபராதி. 2,000 வாட் என்பது 230 வோல்ட் கிடைத்தால்தான். வாட்டை வோல்ட்டால் வகுத்தால் கரண்ட், 8.7 ஆம்பியர். வோல்ட்டை ஆம்பியரால் வகுத்தால் ரெசிஸ்டன்ஸ், சுமார் 26.4 ஓம். (பாடப்புத்தகத்தில் இதற்கு மின்தடை என்று பெயர். நம்மூரில் மின்தடை என்றால் பவர்கட்!) ஜார்ஜ் சைமன் ஓம் என்ற ஜெர்மன் பள்ளி ஆசிரியர் 1827-ல் இதைப் புத்தகமாகப் போட்டபோது ஊரில் யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. 1841-ல் லண்டன் ராயல் சொசைட்டி மெடல் கொடுத்த பிறகுதான் மரியாதை வந்தது.

மல்ட்டிமீட்டரோடு போனேன். ஹீட்டர் ஓடும்போது பிளக்கில் 190 வோல்ட். 190-ஐ 190-ஆல் பெருக்கி 26.4-ஆல் வகுத்தால் சுமார் 1,370 வாட். மூன்றில் ஒரு பங்கு சூடு காணோம். வோல்டேஜ் கொஞ்சம் குறைந்தாலே பவர் அதைவிட வேகமாகச் சரியும். வர்க்கக் கணக்கு.

''சாயங்காலமானா எல்லா வீட்லயும் ஹீட்டர், கீசர். லைன்ல வோல்டேஜ் இல்லை'' என்றார் பெரியவர். பாதி உண்மை. மீட்டர் போர்டிலேயே 210-தான் வந்தது. ஆனால், போர்டுக்கும் பிளக்குக்கும் நடுவில் இன்னொரு 20 வோல்ட் எங்கே போயிற்று?

கம்பி தின்கிறது. கரண்ட் அதிகமானால் கம்பியில் வீணாகும் சூடு அதன் வர்க்கத்தில் ஏறும். 1932-ல் பைக்காரா தண்ணீரைச் சுமார் 3,000 அடி கீழே சிங்காராவில் இறக்கி மின்சாரம் எடுத்தவர்கள், அதைக் கோயமுத்தூர் மில்களுக்கு உயர் வோல்டேஜில் அனுப்பியது இதனால்தான். வோல்ட்டை நூறு மடங்கு ஏற்றினால் ஆம்பியர் நூறில் ஒன்றாகும். அதே கம்பியில் நஷ்டம் பத்தாயிரத்தில் ஒன்று.

மலையிலிருந்து கோவை வரை கணக்குப் பார்த்து அனுப்பினார்கள். பெரியவர் வீட்டிலோ இருபது மீட்டரில் உதைத்தது.

20 வோல்ட்டை 7.2 ஆம்பியரால் வகுத்தால் 2.8 ஓம். அந்த வீட்டு ஒரு ஸ்கொயர் எம்.எம். செப்புக் கம்பி, போக வர நாற்பது மீட்டருக்கு, 0.7 ஓம்தான் காட்ட வேண்டும். மிச்சம் 2.1 எங்கே? ஒயர் முழுக்கப் பரவியிருக்க நியாயமில்லை, எங்கோ ஒரே இடத்தில் இருக்கிறது. அந்த ஓர் இடத்தில் நூறு வாட்டுக்கு மேல் சூடு. நாலு சால்டரிங் அயர்ன்களைச் சேர்த்துக் கட்டி வைத்த மாதிரி. தகரக் கூரை, அடியில் காய்ந்த மரப் பலகை, அதற்கும் கீழே அந்த அம்மாவின் கட்டில்.

எனக்கு அப்போதுதான் வியர்த்தது. ''ஹீட்டரை ஆஃப் பண்ணுங்க'' என்றேன்.

மறுநாள் ஒயர்மேன் மெயினை அணைத்துவிட்டுப் பலகையைக் கழற்றினார். முறுக்கி டேப் சுற்றிய ஒரு பழைய ஜாயின்ட், கரிக்கட்டையாக. பக்கத்துப் பலகையில் உள்ளங்கை அகலத்துக்குக் கறுப்பு. ''இன்னும் பத்து நாள் தாங்கியிருக்காது'' என்றார்.

மீட்டர் போர்டிலிருந்து ஹீட்டருக்குத் தனியாகக் கனமான ஒயர் இழுத்தாயிற்று. இப்போது பிளக்கில் 205 வோல்ட், சுமார் 1,590 வாட். பெரியவர் என் மல்ட்டிமீட்டரைத் திருப்பித் தரவில்லை. தெருவில் வீடு வீடாகப் போய் வோல்டேஜ் பார்த்துக்கொண்டிருக்கிறாராம்.